கீழ்வீட்டில் நித்திரை கொள்பவர்கள்

பேஸ்மென்ற்றை வாடகைக்கு விட்டிருக்கும் அண்ணைமாருக்கும் அக்காமாருக்கும்,



போன வருடம் மார்க்கத்தில் ஒரு வீடு குடிபூரலுக்குப் போயிருந்தேன். ஐயர் ஓமம் வளர்த்து இரண்டாவது கரண்டி நெய் விட்டிருப்பார், மண்டபத்துக் கூரையில் இருந்த புகை அலாரம் கத்தத் தொடங்கியது. புது வீடு என்பதால் எல்லா அலாரங்களும் ஒன்றோடொன்று வயரால் தொடுக்கப்பட்டவை. மேல்மாடி, அறைகள், பேஸ்மென்ற் என்று வீடு முழுக்க ஒரே நேரத்தில் கூவியது. குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். வீட்டுக்காரத் தம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கதிரையில் ஏறி ஒவ்வொன்றாகக் கழற்றினார். அந்த நேரத்தில் அவர் வேறு என்ன செய்வார்?

மூன்று மாதம் கழித்து அதே வீட்டுக்குப் போனபோது, தேத்தண்ணிக்குக் கரண்டி எடுக்கக் குசினி லாச்சியை இழுத்தேன். பாதி முடிந்த கற்பூரப் பெட்டிக்கும் சந்தனக் குச்சிக் கட்டுக்கும் இடையில் அந்த வெள்ளை வட்டங்கள் கிடந்தன. எண்ணிப் பார்த்தேன், ஐந்து. கூரையில் வயர் முனைகள் தொங்கின. கீழ்வீட்டுக்கு அதற்குள் ஒரு குடும்பம் வந்துவிட்டது. அவர்களின் கைக்குழந்தை அழுவது எங்களுக்கு மேலே கேட்டது.

நான் அந்தத் தம்பியைத் திட்டவில்லை. திட்ட எனக்கு வாயும் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் வீடு ஸ்காபரோவில். சில வருடங்களுக்கு முன் ஒரு தை மாதம், பனி கொட்டிய வாரம். வேலையில் நிற்கும்போது கீழ்வீட்டுத் தம்பி எடுத்தார். "அக்கா, படுக்கிற அறைக்கு வெளியில இருக்கிற பெட்டி கத்துது. நாலு தரம் கத்தும், நிக்கும், திரும்பவும் நாலு தரம்."

"பற்றரி முடிஞ்சிருக்கும் தம்பி. கழட்டி வையுங்கோ, பின்னேரம் வரேக்க புதுசு வாங்கியாறன்."

இதைச் சொன்னது நான். பதினைந்து வருடமாக இந்த நாட்டில் வீடு வைத்திருந்தவள் சொன்ன பதில் அது.

அவர் கழற்றத்தான் ஸ்ரூலில் ஏறினார். பெட்டியை முகத்துக்கு நேரே பார்த்தபோது ஒரு சிவப்பு விளக்கு மினுங்கியிருக்கிறது. பக்கத்தில் சிறிய எழுத்தில், நல்ல காற்று உள்ள இடத்துக்குப் போகவும் என்று ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதியிருந்தது. அவருடைய மாமியார் இரண்டு நாளாகத் தலையிடி என்று படுத்திருந்தார். பேத்தியை பஸ்ஸில் ஏற்றிவிட வெளியே போனால் தலையிடி விடுகிறது, உள்ளே வந்தால் திரும்பவும் வருகிறது என்று அன்று காலைதான் சொல்லியிருந்தார். தம்பி இரண்டையும் சேர்த்து யோசித்தார். பற்றரியைத் தொடாமல் மாமியாரையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு பனிக்குள் வெளியே வந்து 911க்கு அடித்தார்.

தீயணைப்பு வீரர்கள் கையில் மீற்றரோடு இறங்கினார்கள். ஃபேர்னஸ் அறை வாசலில் அது காபன் மொனொக்சைட் பத்து இலட்சத்தில் 100 பங்குக்கு மேல் என்று காட்டியதாம். சுடுநீர்த் தாங்கியின் மேலே இருந்து புகையை வெளியே கொண்டுபோகும் தகரக் குழாய், மூட்டில் விலகியிருந்தது. விலக்கியவர் யார்? மார்கழியில் ஊருக்குப் போய் வந்த சூட்கேஸ்களை அந்தச் சின்ன அறைக்குள் தாங்கியோடு நெருக்கி அடுக்கியது நான்தான். குழாயைத் தள்ளியதும் என் கை, பற்றரியைக் கழற்றச் சொன்னதும் என் வாய். அவர் என் சொல்லைக் கேட்கவில்லை என்பதால் நாலு பேர் இன்றைக்கு இருக்கிறார்கள்.

அதனால்தான் இந்தக் கடிதம். அலாரம் கத்தினால் அதை அடக்குவதுதான் எங்கள் பழக்கமாகிவிட்டது. அது என்ன சொல்கிறது என்று நாங்கள் கேட்பதில்லை. கேட்கப் பழகுவது பெரிய வேலை இல்லை. ஒரு சனிக்கிழமை பின்னேரம் போதும்.

முதலில் எண்ணுங்கள். மூன்று கூவல், ஒரு இடைவெளி, திரும்ப மூன்று என்றால் புகை. நான்கு கூவல், இடைவெளி, திரும்ப நான்கு என்றால் காபன் மொனொக்சைட். அரை நிமிடத்துக்கோ ஒரு நிமிடத்துக்கோ ஒருமுறை குருவி மாதிரி ஒரேயொரு "கீச்" என்றால்தான் பற்றரி போகிறது, அல்லது அந்தப் பெட்டியின் ஆயுள் முடிந்துவிட்டது. நான் அன்று தொலைபேசியில் எண்ணியிருந்தாலே எனக்கு விளங்கியிருக்கும். தம்பி நாலு என்று சொன்னவர்தானே. சில பெட்டிகள் வாய் திறந்து பேசும், ஆனால் ஆங்கிலமும் பிரெஞ்சும் மட்டும்தான் பேசும். வீட்டில் பகல் முழுக்கத் தனியே இருப்பது பெரும்பாலும் அம்மாக்கள், அம்மம்மாக்கள். அவர்களுக்கு எண்ணிக்கை போதும்: மூன்று தீ, நான்கு நஞ்சு.

அந்த நஞ்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஊரில் இரசாயனவியல் படித்தவர்களுக்குக் காபனோரொட்சைட்டு என்றால் நினைவு வரும். எரிவாயு, எண்ணெய், விறகு, கரி, பெற்றோல் எதுவானாலும் போதிய ஒட்சிசன் இல்லாமல் அரைகுறையாக எரிந்தால் அது பிறக்கும். நிறம் இல்லை, மணம் இல்லை. குசினியில் காஸ் கசிந்தால் அழுகிய முட்டை மணம் வருகிறதே என்று கேட்பீர்கள். அது எரியாத எரிவாயு. கசிந்தால் தெரியவேண்டும் என்பதற்காகவே அதற்கு அந்த மணத்தைக் கலந்து அனுப்புகிறார்கள். எரிந்தபின் வரும் காபன் மொனொக்சைட்டுக்கு அந்த உதவி கிடையாது. மற்றப் பக்கமும் உண்மை. காபன் மொனொக்சைட் அலாரம் காஸ் கசிவைக் கண்டுபிடிக்காது. அதற்கென்று தனி அலாரம் இருக்கிறது, இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பெட்டியும் இருக்கிறது. வாங்கும்போது உறையில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

எங்கள் இரத்தத்தில் ஒட்சிசனைக் காவிச் செல்லும் ஈமோகுளோபின், காபன் மொனொக்சைட்டைக் கண்டால் ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். ஒட்சிசனுக்கு ஏற இடம் இல்லாமல் போகும். தலையிடி, தலைச்சுற்று, ஓங்காளம், அசதி. காய்ச்சல் இல்லாத தடிமன் போல இருக்கும். பனடோல் போட்டுப் படுப்போம். படுத்தவர் எழும்பாமல் போவது அப்படித்தான். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலையிடி, வெளியே போனால் சுகம், உள்ளே வந்தால் திரும்ப என்றால் சந்தேகப்படுங்கள். நல்ல காற்றைச் சுவாசித்தாலும் உள்ளே போனதில் பாதி கழிய நாலைந்து மணித்தியாலம் எடுக்கும். அதனால் வெளியே வந்து கொஞ்சம் தெளிந்தது என்று திரும்ப உள்ளே போகக்கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும்.

எங்கள் கீழ்வீட்டுத் தம்பியின் மாமியார் இரண்டு நாளாகத் தலையிடியில் கிடக்க, அலாரம் ஏன் பேசாமல் இருந்தது? இதை நான் பிறகுதான் தேடிப் படித்தேன். வீட்டு அலாரம் காற்றில் அந்த வாயுவைக் கண்ட உடனே கத்துவதில்லை. பத்து இலட்சத்தில் 70 பங்கு இருந்தால், ஒரு மணித்தியாலத்துக்கும் நான்கு மணித்தியாலத்துக்கும் இடையில் கத்தும். 150 பங்கு என்றால் 10 முதல் 50 நிமிடத்துக்குள். 400 என்றால் 4 முதல் 15 நிமிடத்துக்குள். 30 பங்கு அளவில் நாள்கணக்காக இருந்தாலும் கத்தாமல் இருக்கும்படிதான் அதைச் செய்கிறார்கள். சும்மா சும்மா கத்தினால் ஆட்கள் கழற்றிவிடுவார்கள் என்ற பயம் அவர்களுக்கும் உண்டு. வளர்ந்த, சுகதேகியான ஒருவரை மனதில் வைத்தால் இந்தக் கணக்கு சரி. வயது போனவர், கர்ப்பிணி, கைக்குழந்தை, இருதய வருத்தக்காரர் கீழே இருந்தால் எண் காட்டும் திரை உள்ள பெட்டியை வாங்குங்கள். சில டொலர் கூட. அலாரம் கத்தாமல் இருக்கும்போதே 35, 40 என்று திரையில் ஏறுவதைக் காணலாம். சிலவற்றில் கடைசியாக எட்டிய உச்ச அளவைக் காட்டும் பட்டனும் உண்டு.

எங்கே வைப்பது என்று கேட்டால், நித்திரை கொள்பவருக்குக் கேட்கும் இடத்தில். அந்த வாயு காற்றைவிடச் சொற்பம்தான் பாரம் குறைந்தது. காற்றோடு காற்றாய்க் கலந்துவிடும். அதனால் கூரையா சுவரா என்று பெரிதாக அலையவேண்டாம், பெட்டியோடு வரும் தாள் சொன்னபடி வையுங்கள். ஃபேர்னஸுக்குப் பக்கத்திலேயே மாட்டாதீர்கள். குளியலறை ஆவி அடிக்கும் இடத்திலும் வேண்டாம்.

இனிப் புகை அலாரம். எங்கள் வீடுகளில் கழற்றப்படுவது பெரும்பாலும் இதுதான். காரணமும் எங்களுக்குத் தெரியும். செத்தல் மிளகாய் வறுக்க, கடுகு வெடிக்க, மீன் பொரிக்க, வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட அது கத்துகிறது. நான் பார்த்த ஒரு பேஸ்மென்ற்றில் ஷவர் தொப்பியைப் போட்டு ரப்பர் பாண்டால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஆனால் நாங்கள் சமையலையும் மாற்றத் தேவையில்லை, அலாரத்தையும் கழற்றத் தேவையில்லை. பெட்டியின் வகையையும் இடத்தையும் மாற்றினால் போதும்.

புகை அலாரத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் மிகமிகச் சிறிதளவு இருக்கும். அது இரண்டு தகடுகளுக்கு நடுவே உள்ள காற்றை மின்னேற்றி ஒரு மெல்லிய மின்னோட்டத்தை ஓடவிடும். புகைத் துகள் உள்ளே வந்தால் ஓட்டம் குறையும், அலாரம் கத்தும். அயனி வகை என்று சொல்வார்கள். கதிரியக்கம் என்று கேட்டுப் பயப்படவேண்டாம், காற்றை மின்னேற்றும் அந்தக் கதிர் பெட்டியைத் தாண்டாது. 1930களில் சுவிற்சர்லாந்தில் ஒரு பௌதிக ஆய்வாளர் நச்சுவாயுவைக் கண்டுபிடிக்கும் கருவி செய்ய முயன்றாராம். வாயுவுக்குக் கருவி அசையவில்லை. அலுத்துப்போய் அவர் ஒரு சிகரெட் பற்றவைக்க, முள் ஆடியது என்று சொல்வார்கள். இந்த வகையின் தொடக்கம் அங்கேதான்.

மற்றது ஒளி வகை. உள்ளே இருட்டறை, அதற்குள் ஒரு ஒளிக்கற்றை. ஒளியைப் பார்க்கும் கண் அதற்கு நேரே இல்லாமல் பக்கவாட்டில் இருக்கும். புகை நுழைந்தால் ஒளி சிதறிக் கண்ணில் படும். மாட்டுக்கொட்டிலின் ஓட்டைவழி வரும் வெயிலில் தூசி மினுங்குவதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான். அயனி வகை பெரிய சுவாலையோடு எரியும் தீயைச் சற்று முந்திக் கண்டுபிடிக்கும். ஒளி வகை, மெத்தையும் சோபாவும் உள்ளுக்குள் கனன்று புகையும் தீயை முந்திப் பிடிக்கும். எங்களுக்கு முக்கியமானது, தாளிப்புக்கும் பொரியலுக்கும் அயனி வகைதான் அதிகம் கத்தும் என்பது. அதனால் குசினிக்குக் கிட்ட உள்ள இடத்துக்கு ஒளி வகையை வாங்குங்கள். இரண்டு வகையும் சேர்ந்த பெட்டிகளும் கடையில் உண்டு, அவை அறைகளின் பக்கத்துக்கு நல்லவை. அடுப்பில் இருந்து 3 மீற்றராவது தள்ளி மாட்டுங்கள். ஒரே அறைக்குள் அடுப்பும் கட்டிலும் இருக்கும் சின்ன பேஸ்மென்ற்றில் 3 மீற்றர் எங்கே என்று கேட்பீர்கள், அது நியாயம். அங்கே தற்காலிகமாக அடக்கும் பட்டன் உள்ள பெட்டியைப் போடுங்கள். அழுத்தினால் ஏறக்குறைய பத்து நிமிடம் பேசாமல் இருந்து தானாகவே திரும்ப விழித்துக்கொள்ளும். கழற்றியவர் மறப்பார், அந்தப் பட்டன் மறக்காது. குசினிப் புகை போகிற விசிறியை வெளியே காற்று விடுகிற மாதிரிப் பூட்டிக் கொடுங்கள். அது உங்கள் பொறுப்பு, வாடகைக்காரரின் கறியைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஓமத்துக்கும் ஒரு வழி சொல்கிறேன். புது வீட்டில் ஓமம் வேண்டும் என்றால் கராஜுக்கு வெளியே வாசலில் வளர்க்கச் சொல்லி ஐயரிடம் கேளுங்கள். அல்லது பின்வளவில். நான் கேட்ட ஐயர்மார் யாரும் மறுத்ததில்லை.

கேள்வி இன்னும் ஒன்று இருக்கிறது. பெட்டிக்கு என்ன வயது? கழற்றி முதுகைப் பாருங்கள், செய்த திகதி அச்சிட்டிருக்கும். புகை அலாரத்துக்கு 10 வருடம்தான் ஆயுள். காபன் மொனொக்சைட் அலாரத்துக்கு 7 முதல் 10 வரை, அதிலேயே எழுதியிருப்பார்கள். வீட்டை வாங்கும்போது கூடவே வந்த மஞ்சளித்த பெட்டி ரெஸ்ற் பட்டனை அழுத்தக் கத்துகிறதே என்று நம்பவேண்டாம். அந்தப் பட்டன் பற்றரியும் ஒலிபெருக்கியும் வேலை செய்கின்றனவா என்பதைத்தான் சொல்லும். உள்ளே உள்ள உணரி களைத்துப்போனதை அது சொல்லாது. புதிது வாங்கும்போது 10 வருடப் பற்றரி உள்ளேயே அடைத்து வைத்த வகையும் உண்டு. ரிமோட்டுக்குப் பற்றரி இல்லை என்று யாரும் அதைக் கழற்றி எடுக்கமுடியாது. எனக்கு அது பிடித்திருப்பதற்குக் காரணமும் அதுதான். ஆனால் வயரில் ஓடும் அலாரம் இருந்த இடத்தில் வெறும் பற்றரி அலாரத்தைப் போடச் சட்டம் விடாது. வயர் இருந்தால் வயர் உள்ளதைத்தான் போடவேண்டும்.

மேல்வீட்டையும் கீழ்வீட்டையும் தொடுத்த அலாரம் பற்றி இன்னும் கொஞ்சம். நடுச்சாமம் பேஸ்மென்ற் ஃபேர்னஸ் அறையில் தீ பிடித்தால், கதவு பூட்டிய படுக்கையறையில் இருக்கும் உங்களுக்கு அந்த ஓசை எவ்வளவு கேட்கும்? மேலே பிடித்தால் கீழே உள்ளவருக்கு? இன்றைய தளபாடங்கள் எரியும் வேகத்தில் வெளியேற இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கும். அதில் ஒரு நிமிடம் நித்திரையில் போய்விடும். புகை மணம் எங்களை எழுப்பும் என்று நினைக்காதீர்கள், நித்திரையில் மூக்கும் நித்திரைதான். சுவரை உடைக்காமல் ரேடியோ அலையால் ஒன்றோடொன்று பேசும் அலாரங்கள் இப்போது கடையில் கிடைக்கின்றன. ஒன்று கூவினால் எல்லாம் கூவும். காது மந்தமான பெரியவர்களுக்கு வழக்கமான கீச்சொலி கேட்பதில்லை. 520 ஹேர்ட்ஸ் தாழ்ந்த ஓசை எழுப்பும் அலாரமும், தலையணைக்கு அடியில் வைத்தால் அதிரும் தட்டும் அவர்களுக்கென்றே இருக்கின்றன.

சட்டத்தைக் கடைசியில் வைத்தேன், பயத்தால் செய்வதைவிட விளங்கிச் செய்வது நிலைக்கும் என்பதால். ஒன்ராறியோவில் ஒவ்வொரு மாடியிலும் படுக்கும் இடத்துக்கு வெளியிலும் புகை அலாரம் இருக்கவேண்டும். எரிபொருளில் ஓடும் கருவியோ, நெருப்படுப்போ, வீட்டோடு ஒட்டிய கராஜோ இருந்தால் காபன் மொனொக்சைட் அலாரமும் வேண்டும். 2014 முதல் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மட்டும் என்றிருந்தது, 2026 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு மாடியிலும் என்றாகிவிட்டது. வாடகை வீட்டில் இவற்றைப் பூட்டுவதும் பராமரிப்பதும் வீட்டுக்காரர் கடமை. வருடம் ஒருமுறையும் வாடகைக்காரர் மாறும்போதும் சோதிக்கவேண்டும். பராமரிப்புத் தாளையும் அவர்கள் கையில் கொடுக்கவேண்டும். கழற்றினால், யார் கழற்றினாலும் குற்றம்.

இந்தக் காபன் மொனொக்சைட் சட்டத்துக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது. 2008 டிசம்பரில், ஒன்ராறியோ வூட்ஸ்ரொக் நகரில் லோரி ஹோக்கின்ஸ், கணவர் ரிச்சர்ட், பிள்ளைகள் கசாண்ட்ரா, ஜோர்டன் நால்வரும் காபன் மொனொக்சைட்டால் இறந்தார்கள். லோரி மாகாணப் பொலிஸ் அதிகாரி. காஸ் நெருப்படுப்பின் புகைபோக்கி அடைபட்டிருந்தது. வீட்டில் அலாரம் இல்லை. லோரியின் மாமா ஜோன் கிக்னக் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர். அவர் ஊர் ஊராகப் போய் இதைப் பேசினார். ஏர்னி ஹார்டிமன் என்ற மாகாணசபை உறுப்பினர் மசோதாவைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து 2013இல் நிறைவேற்றினார். சட்டத்தின் பெயரிலேயே ஹோக்கின்ஸ், கிக்னக் இருவரும் இருக்கிறார்கள். ஆபத்துக்கு ஓடிப்போவதைத் தொழிலாகக் கொண்டவர்களின் குடும்பத்தையே இது தேடி வந்தது என்பதை நினைக்க எனக்கு இன்னும் நெஞ்சு கனக்கிறது.

அதே 2013 மார்கழியில்தான் ரொறன்ரோவில் உறைமழை பெய்து மூன்று இலட்சம் இணைப்புகளுக்குக் கரண்ட் போனது. நத்தார் நேரம். குளிருக்குக் கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்து மூட்டியவர்கள் பலர், எங்கள் ஆட்களும் அதில் உண்டு. ஊரில் கரியடுப்பு எரிந்த குசினியில் ஓட்டுக்கும் சுவருக்கும் இடையில் காற்று ஓடியது. இங்கே பிளாஸ்ரிக் ஒட்டி அடைத்த ஜன்னல். கரியடுப்பும் ஜெனரேற்றரும் ஒருநாளும் உள்ளே வேண்டாம், கராஜுக்குள்ளும் வேண்டாம். காலையில் காரைக் கராஜுக்குள் வைத்தே சூடாக்குவதும் அப்படித்தான், கதவு திறந்திருந்தாலும். கராஜுக்கு மேலே உள்ள அறையில் பிள்ளை படுத்திருக்கும். ஃபேர்னஸையும் சுடுநீர்த் தாங்கியையும் வருடம் ஒருமுறை மாகாணத்தின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பான ரி.எஸ்.எஸ்.ஏ.யில் பதிவு உள்ள ஆளைக் கொண்டு பார்ப்பியுங்கள், தெரிந்த தம்பி மலிவாகச் செய்வார் என்று விட்டுவிடாதீர்கள். அந்த அறைக்குள் சாமான் அடுக்காதீர்கள். இதைச் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறது.

எங்கள் வீட்டில் நடந்த அந்தச் சம்பவத்துக்குப் பிறகு புது அலாரம் பூட்டிய அன்று, கீழ்வீட்டு அம்மாவை ஒரு கதிரையில் இருத்தி ரெஸ்ற் பட்டனை அழுத்திக் காட்டினேன். முதலில் புகை. அவர் விரல் மடக்கி எண்ணினார், மூன்று. பிறகு மற்றது, நான்கு. இரண்டாம் முறை நான் சொல்லாமலே சரியாகச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "எல்லாம் சரி பிள்ளை. கத்தினால் நான் எந்தக் கதவால போறது?"

பக்கக் கதவைத் திறந்து பார்த்தேன். வெளியே படிக்கட்டு முழுக்க, எங்கள் கார்ப்பாதையில் இருந்து வழித்துத் தள்ளிய பனி இடுப்பளவு நின்றது. அன்றில் இருந்து பனி கொட்டினால் எங்கள் வீட்டில் முதலில் வழிப்பது அந்தப் படிதான், கார் பிறகு. உங்கள் வீட்டுப் பக்கக் கதவையும் இன்றைக்கு ஒருக்கால் திறந்து பாருங்கள்.

அன்புடன்,
ஸ்காபரோவில் இருந்து உங்களைப் போல ஒரு வீட்டுக்காரி